பதினோரு மணி என்றால் பதினோரு மணி

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு சொட்டு மருந்து. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்கிறதா? கண்ணைத் திறக்க வேண்டும், ஒரு சொட்டு விட வேண்டும், மூட வேண்டும். ஏழு வருஷமாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல்லடத்துக்காரர் ஒருவர், "இன்னைக்கு அஷ்டமிங்க, நாளைக்குக் காலைல வெடியால போட்டுக்கட்டுங்களா?" என்று பத்தரை மணிக்கு போன் செய்தார். உடுமலையிலிருந்து வந்த டீச்சர் சரியாகப் பதினோரு மணிக்கு, சரியான மருந்தை, சிகிச்சை செய்யாத கண்ணில் விட்டுக்கொண்டார். இன்னொருவர் மருந்து சீசாவை பூஜை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தார். எல்லோரையும் போனிலேயே கத்திக் கத்தி வழிக்குக் கொண்டுவந்தேன். நூற்று நாற்பத்திரண்டு கண்களில் நூற்று நாற்பத்தொன்றுக்கு மருந்து நேரத்துக்கு விழுந்தது. தவறிய அந்த ஒரு கண்ணின் சொந்தக்காரர் திருப்பூர் நாச்சிமுத்து.

என் பெயர் பூங்கோதை. கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் செல் பிரிவில் வேலை. நான் டாக்டர் இல்லை. இதையும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணுக்குள் புதிதாகப் பிறக்கும் செல்களுக்கு நேரம் பார்ப்பதுதான் என் வேலை. வார்டில் எனக்குக் கடிகாரம்மா என்று பெயர்.

நாச்சிமுத்து முதல்முறை வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. பெரிய டையிங் கம்பெனி ஒன்றில் ஷேடு மாஸ்டர். துணியில் ஏறிய சாயம் கேட்ட சாயம்தானா என்று மெஷின் ஒரு எண்ணைச் சொல்லும். அதற்குப் பிறகு மாஸ்டர் துணியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துத் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். அந்த மனிதருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரை செத்துக்கொண்டே வந்து, கடைசியில் மனைவி தெய்வாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, புதுக் கண்ணு வெப்பீங்களா?" என்றார் தெய்வாத்தாள்.

"நான் டாக்டர் இல்லீங்க. புதுசா எதும் வெக்கறதில்ல. அவரு கண்ணுக்குள்ள இருக்கற செல்லையே மறுபடியும் பிள்ளை பெற வெக்கறோம்."

"இந்த வயசுலயா!" தெய்வாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீ கம்முனு இரு," என்றார் மாஸ்டர். "அம்மிணி, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். "வயித்துல இருக்கற கொழந்தைக்கு விழித்திரைல மொதல்ல ஒரே வகைச் செல்லுதானுங்க. தாய்ச் செல்லு. அதுதான் எல்லா வகையும் பெத்துக் குடுக்குது. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்குது. மொதல்ல மூளைக்கு நரம்பு அனுப்பற செல். அப்புறம் நெறம் பாக்கற கூம்பு செல். அதுக்குப் பொறகு மங்கல் வெளிச்சத்துல பாக்கற குச்சி செல். கடைசீல இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கற செல். எலி, பூனை, நீங்க, நானு, எல்லாருக்கும் இதே வரிசைதான்."

"யாரு அதுக்கு வரிசை சொல்றது?"

"யாரும் சொல்றதில்லீங்க. தாய்ச் செல்லுக்கு வயசு ஏற ஏற அது பெக்கற பிள்ளை மாறுது. பிரியறத எந்த நேரத்துல நிறுத்துதுன்னு பாத்தாப் போதும், பொறந்தது என்ன வகைன்னு சொல்லிப்போடலாம்."

அவர் சற்று யோசித்தார். "சாயத் தண்ணீல எத்தன நேரம் கெடக்குதோ அத்தன ஷேடு. அப்படித்தானுங்களே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றேன். அன்றைக்கு அந்தக் 'கிட்டத்தட்ட'வைச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் சிகிச்சை இதுதான். கடைக்குட்டியான அந்தத் தாங்கும் செல்லுக்கு ஓர் ஊசி போட்டால் அது தன் வேலையை மறந்து தாய்ச் செல்லாக மாறிவிடும். மீனுக்கு இது இயல்பாகவே வரும். நமக்கு ஊசி வேண்டும். எழுந்த செல் பழைய வரிசையை முதலிலிருந்து ஓட்டும். முதல் நாலு நாளில் பிறப்பவை நரம்புச் செல்கள். மாஸ்டரிடம் அவை ஏற்கெனவே இருந்ததால் புதியவை இடமில்லாமல் அழிந்துபோகும். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை பிறப்பவை கூம்பு. அதற்குப் பிறகு பிறப்பவை குச்சி. ஒன்பதாம் நாள் பதினோரு மணிக்கு நிறுத்து மருந்து ஒரு சொட்டு விட்டால், எல்லாம் கூம்பாகவே நின்றுவிடும். பகலில் துல்லியமாகத் தெரியும், எல்லா நிறமும் தெரியும். பொழுது சாய்ந்தால் மட்டும் தடவித்தான் நடக்க வேண்டும். ஊரெல்லாம் விளக்கு எரிகிற காலத்தில் அது யாருக்குப் பெரிய குறை?

இயற்கை ஒரு கூம்புக்கு இருபது குச்சி வைத்திருக்கிறது. "கடவுள் கலர்ல கஞ்சத்தனம் பண்ணிட்டாரு, நாம தாராளமாக் குடுக்கறோம்," என்பார் எங்கள் தலைமை டாக்டர் ஹரிகோவிந்தன். வரவேற்பறையில் ஏழடிக்கு ஒரு மயில் படம் மாட்டி, அதன் கீழே 'முழு நிறம்' என்று எழுதி வைத்திருந்தார். ஒரு கண்ணுக்கு ஒரு வாய்ப்புதான், ஒருமுறை எழுப்பிய செல்லை மறுபடி எழுப்ப முடியாது என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

மாஸ்டருக்கு முதலில் இடது கண். ஊசி போட்டு, ஒரு வாரம் வைத்திருந்து, மருந்து சீசாவோடு வீட்டுக்கு அனுப்பினோம். அப்போது அதுதான் வழக்கம். ஒன்பதாம் நாள் பதினோரு மணிக்குப் போன் செய்தேன்.

"மாஸ்டருங்க, போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க அம்மிணி."

மூன்று மாதம் கழித்து விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு குச்சி! மருந்து கெட்டுவிட்டதா, ஊசியில் கோளாறா என்று இரண்டு நாள் சாப்பாடு இல்லாமல் தேடினேன். மூன்றாம் நாள் தெய்வாத்தாள்தான் உண்மையைச் சொன்னார்.

"அன்னைக்குப் போடலீங்க டாக்டரம்மா. அடுத்த நாள்தான் போட்டாரு. நான் எத்தன சொல்லியும் கேக்கலீங்க. அவரு புடிச்ச மொசலுக்கு மூணே காலு."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஒரு குற்றமும் செய்யாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"ஏன் போடல?"

"ஷேடு ஏறலீங்க."

"என்னது?"

"கண்ணுக்குள்ள சொரசொரன்னு ஓடிட்டே இருந்துச்சுங்க. ஓடிட்டு இருக்கறப்பத் தண்ணிய எறக்கிவிட்டா சாயம் மேலாப்புலதான் நிக்கும். மெரூன், நேவி இந்த மாதிரி டார்க் கலருக்கெல்லாம் ஹோல்டு ஜாஸ்தி குடுக்கோணும், தண்ணிலயே ஊற உடோணும். இல்லீனா பாக்கறதுக்கு ஜோரா இருக்கும், நாலு துவைப்புக்கு வெளுத்துப்போகும். அதனால சித்த நேரம் ஓடட்டும்னு உட்டனுங்க. எத்தன நேரம்னா..."

"போதும்!" கையைக் காட்டி நிறுத்தினேன். "இது கண்ணு மாஸ்டர், பனியன் துணி இல்ல! சாயத் தொட்டி இல்ல! படிச்சவங்க நாங்க பத்து வருஷம் எலியிலயும் குரங்குலயும் பாத்து ஒரு நேரம் சொன்னா, நீங்க உங்க இஷ்டத்துக்கு ஹோல்டு குடுப்பீங்களா? இருந்த ஒரு வாய்ப்பையும் பாழாக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்களே! அதுக்கு மேல போன்ல பொய் வேற!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பதிவேட்டை எடுத்து, அவர் இடது கண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினேன்: 'தோல்வி. காரணம்: நோயாளியின் ஒத்துழையாமை.' அடியில் கோடும் போட்டேன். அந்தக் கோடு தாளைக் கிழித்துவிட்டது, அத்தனை கோபம்.

ஏழு மாதம் கழித்து வலது கண். இந்தமுறை வீட்டுக்கு அனுப்புவதாவது! ஒன்பது நாளும் கட்டிலிலேயே போட்டு வைத்தேன். அவரால்தான் அன்றிலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் அந்த விதி வந்தது. ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு சீசாவோடு போய் நின்றேன்.

"அம்மிணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லாதீங்க."

"அந்த எடது கண்ணு வேலை பாக்குதுங்க. துணியப் பாக்க ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது, அவ்வளவுதான். சாயங்காலம் நடக்கறதுக்கும் ஆகுது. இதையும் அதே மாதிரி..."

"மாஸ்டர், தலைய நேரா வெச்சுக்குங்க."

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதுங்களா?"

"கண்ணைத் தொறங்க."

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டபோது என் கையாலேயே சொட்டை விட்டேன். மூன்று மாதத்தில் அந்தக் கண் எங்கள் ஆஸ்பத்திரியின் பெருமையாகிவிட்டது. குச்சி ஒன்றுகூட இல்லை. கம்பெனிக்குப் போன முதல் வாரத்திலேயே, மெஷின் சரி என்று சொன்ன ஒரு லாட் துணியை, ஒரு நூல் மஞ்சள் கூடுதல் என்று மாஸ்டர் திருப்பி அனுப்பினாராம். டாக்டர் ஹரிகோவிந்தன் அதை மூன்று மாநாடுகளில் சொன்னார். மாஸ்டரும் வந்து, "நீங்க சொன்னதுதாஞ் சரிங்க அம்மிணி, நாந்தான் முட்டாத்தனமாப் பண்ணிட்டேன்," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்து வந்த நோயாளிகளுக்கெல்லாம் அவர் இரண்டு கண்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, சொன்ன பேச்சைக் கேட்டால் இப்படி, கேட்காவிட்டால் இப்படி என்று பாடம் நடத்தினேன்.

ஆறு வருஷம் ஓடியது.

போன மாதம் மாஸ்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், மஞ்சள் பையோடு, என் அறைக்கு நேராக. பையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு மெரூன் துணியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்மிணி, எடது கண்ணுல பாத்தா இது மெரூனு. வலது கண்ணுல பாத்தாக் காவி."

"கண்ணாடி போடறீங்களா? வெயில்ல சுத்தறீங்களா? சக்கரை பாத்தீங்களா?" எனக்கு வாயில் அதுதான் முதலில் வந்தது. இவர் மறுபடி என்ன செய்து தொலைத்தாரோ என்றுதான் நினைத்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. வெளுக்குதுங்க. சாயம் நிக்கலீங்க."

படம் எடுத்தேன். வலது கண்ணில் கூம்புகள் பாதிக்கும் கீழே. மீதி இருந்தவையும் நுனி சுருங்கி, பட்டினி கிடந்த செல்கள் போல இருந்தன. இடது கண்ணைப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எண்ணியபோது இருந்த கூம்பு அப்படியே இருந்தது.

பதிவேட்டை எடுத்து, ஐந்து வருஷம் தாண்டிய மற்றக் கண்களுக்கெல்லாம் போன் செய்தேன். முப்பத்தெட்டில் முப்பத்து மூன்று வந்தன. அஷ்டமிக்காரர் வந்தார். உடுமலை டீச்சர் வந்தார். ஆறு மாதமாகவே பிள்ளைகளின் கையெழுத்து மங்கலாகத் தெரிகிறது, வயசாகிறதல்லவா என்று சிரித்தார். முப்பத்து மூன்றிலும் கூம்பு குறைந்திருந்தது. பதினோரு மணிக்குச் சொட்டு விழுந்த எந்தக் கண்ணும் தப்பவில்லை.

டாக்டர் ஹரிகோவிந்தனிடம் போனேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குச்சி செல்லுல இருந்து ஒரு சத்து சுரக்கும் பூங்கோதை. கூம்பு உயிரோட இருக்க அது வேணும். எலியில தெரிஞ்ச விஷயந்தான்."

"தெரிஞ்சும் எப்படி சார்?"

"கூம்பு மட்டும் நெருக்கமா இருந்தா, ஒண்ணையொண்ணு தாங்கிக்கும்னு நெனச்சோம். முதல் அஞ்சு வருஷம் தாங்குச்சே!"

"அப்ப மூத்தவனுக்குச் சோறு போடறதே எளையவன்தான். அவனப் பொறக்கவே விடாம நிறுத்திட்டு, மயில் படம் மாட்டி வெச்சிருக்கோம்."

"கத்தாதே. மூணு மாசத்துல கமிட்டி கூடும், அதுல வெச்சுப் பேசலாம். அதுவரைக்கும் இப்ப இருக்கற முறைதான்."

"அடுத்த வாரம் பொள்ளாச்சிப் பொண்ணுக்கு ஊசி சார். நிறுத்திடலாமா?"

"அவளுக்கு இருக்கற கொஞ்சநஞ்சத் தாங்கும் செல்லும் போயிட்டு இருக்கு. மூணு மாசம் தள்ளினா ஊசியே போட முடியாது."

"அப்ப தாமதமா நிறுத்தலாம். மாஸ்டரோட இடது கண்ணு மாதிரி."

"எத்தனை மணி தாமதமா?" என்றார் டாக்டர்.

கொஞ்சம் தாமதித்தால் குச்சி போதாது. அதிகம் தாமதித்தால் நிறமே இருக்காது. சரியான தாமதம் என்ன என்பதற்கு மனிதக் கண்ணில் ஒரே ஓர் ஆதாரம்தான் இருந்தது. பதிவேட்டில் மாஸ்டரின் இடது கண் பக்கத்தைத் திருப்பினேன். மருந்து விட்ட நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதன் குறுக்கேதான் என் சிவப்பு எழுத்தும், தாளைக் கிழித்த கோடும். அவர் நேரத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, கையைக் காட்டி நிறுத்தியது இந்த அறிவாளிதான்.

வெள்ளிக்கிழமை காலைக்கு மாஸ்டரை வரச் சொன்னேன். பொள்ளாச்சிப் பெண் தமயந்திக்கு அன்றுதான் ஒன்பதாம் நாள். அதற்கு முன்னால் அவரை வரவழைத்திருக்க வேண்டும். ஒரு வாரமாகப் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன், துணிச்சல் வரவில்லை. அதுதான் உண்மை.

மாஸ்டரும் தெய்வாத்தாளும் பத்து மணிக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். வலது கண் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடும் என்று சொன்னேன். மருந்து இல்லை என்று சொன்னேன். இடது கண் நிற்கும், அது நிற்பதற்குக் காரணம் அவர் விட்ட தாமதம்தான் என்றும் சொன்னேன்.

தெய்வாத்தாளுக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்ப அன்னைக்கு இவரு பண்ணுனது சரி. நீங்க பண்ணுனது..."

மாஸ்டர் துணிப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது கண்ணுக்கு நான் கேட்டனுங்களே அம்மிணி. படுத்துட்டே கேட்டனே. தலைய நேரா வெய்யின்னீங்க."

"ஆமாங்க."

"ஆறு வருஷமா, நாந்தான் முட்டாளுன்னு நானே நம்பிட்டு இருந்தேன். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், படிச்சவங்க பேச்சக் கேளுங்கடான்னு. என்ற தங்கச்சி மாப்பிள்ளையையும் நாந்தானே இங்க கூட்டியாந்து உட்டேன்! அவனுக்கு ரெண்டு கண்ணும் பதினோரு மணிக் கண்ணு! என்ன வசவு வஞ்சீங்க அன்னைக்கு! அத்தன பேரு முன்னால!"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த அக்கிரமத்தையும் செய்ய வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

"தப்புதானுங்க மாஸ்டர். மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரல. ஆனா இன்னொண்ணு கேக்கோணும். அன்னைக்கு எத்தனை மணிக்கு மருந்து போட்டீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

"மேல ஒரு பொண்ணு படுத்திருக்குதுங்க. இருபத்துநாலு வயசு. இன்னைக்கு ஒன்பதாம் நாள். உங்க நேரந்தான் அதுக்கு வேணும்."

"அன்னைக்குச் சொல்ல வந்தேன். போதும்னீங்க."

"ஆமாங்க."

"இப்பப் போதாதாக்கும்."

மணி பத்தரை ஆயிருந்தது. அவர் எழுந்து கதவு வரை போனார். தெய்வாத்தாள் எழவில்லை. "பொண்ணுன்னு சொல்றாங்கல்ல, வந்து உக்காருங்க," என்றார். மாஸ்டர் திரும்பினார், உட்காரவில்லை.

"அந்த நோட்டெங்க? என்னமோ செவப்புல எழுதுனீங்களே, அதெங்க?"

பதிவேட்டை எடுத்து விரித்தேன். அவர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் குனிந்து படித்தார். கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு நிமிஷம் இருக்கும்.

"ஒத்துழையாமைன்னா என்னங்க அர்த்தம்?"

"சொன்ன பேச்சு கேக்கலைன்னு."

"அதை அடிங்க."

நான் பேனாவை எடுத்து 'தோல்வி'யை அடித்தேன். 'ஒத்துழையாமை'யையும் அடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய குட்டி டைரியை எடுத்தார். எந்த வருஷத்தது என்று தெரியாத அளவுக்கு அட்டை கறுத்திருந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். லாட் நம்பர், சாய அளவு, ஹோல்டு நேரம் என்று பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. ஒரு பக்கத்தில் லாட் நம்பருக்குப் பதிலாக 'இடது' என்று இருந்தது.

"டையிங்ல நேரம் எழுதாம யாரும் தண்ணி எறக்க மாட்டாங்க அம்மிணி," என்றார். "அடுத்த நாள் காலைல ஆறு நாப்பது. அந்த சொரசொரப்பு அப்பத்தான் அடங்குச்சு. உங்க பதினோரு மணிக்கு மேல பத்தொம்பது மணி நாப்பது நிமிஷம்."

அதைக் காலிக் கட்டத்தில் எழுதினேன். அவசரத்தில் நாற்பது சரியாக விழவில்லை. அவர் விரலை வைத்து, "இது நாப்பதுன்னு தெரியிற மாதிரி எழுதுங்க," என்றார்.

மாடிக்குப் போனபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தமயந்தி கண்கட்டோடு படுத்திருந்தாள். அவள் அப்பா ஆறுக்குட்டி, பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தமயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாஸ்டரின் இரண்டு கண்களையும் சொன்னேன்.

"நெறம் கொறையுங்களாக்கா?" என்றாள்.

"கொறையும். எல்லாமே கொஞ்சம் மெதுவாத் தெரியும்."

"நிக்குமா?"

"ஒருத்தருக்கு ஆறு வருஷமா நின்னுட்டு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. வேண்டாம்னா இப்பவே போட்டுடறேன்."

அவள் கண்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஓடட்டுங்க்கா," என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது, தாண்டியது. நான் சீசாவைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஆறுக்குட்டிக்குப் பொறுக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"என்ன கெரகமுங்க இது? பதினொண்ணு அஞ்சாச்சு! ஒம்பது நாளாத் தெனமும் வந்து, பதினோரு மணின்னாப் பதினோரு மணி, ஒரு நிமிஷம் தவறுனாலும் கண்ணு போச்சுன்னு எங்கள மெரட்டுனது ஆருங்க? நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"நாந்தானுங்க சொன்னேன்," என்றேன். "தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல ஆறு நாப்பதுக்கு வாரேன்."